இயங்கும் ரோபோவின் பரமானங்களை வாசித்தல்
(தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் – மேலதிக வாசிப்பு)

மாணவர்களே, துணை நினைவகத்தில் உள்ள கோப்பும் முதன்மை நினைவகத்தில் இயங்கும் முறைவழியும் வேறு வேறானவை என்பதைப் பணிசெயல் முறைமை பற்றிய அலகில் கற்றிருப்பீர்கள். பலர் மனனம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடும் வேறுபாடு இது. ரோபோவுக்கு அருகில் வேலை செய்பவர் இதை மறந்தால் அவரது கால் நசிபடலாம்.

சில்லுகளில் ஓடும் ரோபோ ஒன்றைக் கருதுக. அதன் உச்ச வேகம், தடையைக் கண்டால் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பன மென்பொருளின் பரமானங்களாகும். இவை பொதுவாக ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். மென்பொருள் தொடங்கும்போது அக்கோப்பை ஒரு தடவை வாசித்துப் பெறுமானங்களை நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். அதன்பின் பெரும்பாலும் கோப்பைத் திரும்பிப் பார்க்காது.

உதாரணம்: காலையில் கோப்பில் உச்ச வேகம் செக்கனுக்கு 0.5 மீற்றர் என இருந்தது; ரோபோ தொடங்கப்பட்டது. பத்து மணிக்கு ஒருவர் கோப்பில் அதை 0.2 எனத் திருத்திச் சேமித்தார். இப்போது ரோபோவின் உச்ச வேகம் என்ன? 0.2 என்று எழுதும் மாணவர் புள்ளியை இழப்பார். 0.2 என்று நம்பி அதன் முன்னால் போய் நிற்பவர் அதைவிடப் பெரியதை இழக்கக்கூடும். மென்பொருளை மீளத் தொடக்கும் வரை அது 0.5 தான்.

அடுப்பில் கொதிக்கும் கறியில் உப்புச் சரியா என்று பார்க்க யாரும் சமையல் புத்தகத்தைத் திறப்பதில்லை. அகப்பையில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்போம். இங்கும் அப்படியே, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளிடமே கேட்க வேண்டும். (கலைப் பிரிவில் பட்டம் பெற்ற எனக்கே விளங்கிய விடயம் இது. கணிதம் வராது என்று பயந்து பக்கத்தைப் புரட்ட வேண்டாம்.)

கேட்பது எப்படி? இதற்கு 'ரொஸ்' என்னும் ரோபோ மென்பொருளை எடுப்போம். 2007 அளவில் அமெரிக்காவில் வளரத் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் இது. அதன் முழுப் பெயரில் 'பணிசெயல் முறைமை' என்று இருந்தாலும் லினக்ஸ், விண்டோஸ் போன்ற ஒன்றன்று. அவற்றின் மேல் இயங்கும் நூலகங்களினதும் கருவிகளினதும் தொகுப்பாகும். ரொஸ்ஸில் ஒரு ரோபோவின் வேலை பல 'கணு'க்களாகப் பிரிக்கப்படும். கமராவைப் பார்ப்பது ஒரு கணு, சில்லை இயக்குவது இன்னொன்று. முதலாம் தலைமுறை ரொஸ்ஸில் பரமானங்கள் யாவும் ஒரே மத்திய சேவையகத்தில் இருந்தன. அத்தலைமுறையின் கடைசிப் பதிப்பான நொயெற்றிக்குக்கான ஆதரவு 2025 மே மாதத்துடன் முடிவுற்றது. ரொஸ் 2 இல் ஒவ்வொரு கணுவும் தனது பரமானங்களைத் தானே வைத்திருக்கும். கேட்டால் விடை தரும்.

திரையில் ஆமை ஒன்று நகரும் 'ரேற்றில்சிம்' என்னும் பயிற்சி மென்பொருளை இயக்கி, 'ரொஸ்2 பராம் கெற்' என்னும் கட்டளையால் அதன் பின்னணி நிறத்தின் சிவப்புக் கூறைக் கேட்டால், நிறைவெண் 69 என விடை வரும். பச்சை 86, நீலம் 255. அதனால்தான் பின்னணி நீலமாகத் தெரிகிறது. 'பராம் செற்' மூலம் சிவப்பை 150 ஆக்கினால் நிறம் உடனே மாறும். நிறுத்தி வழமைபோல் மீளத் தொடக்கினால் மறுபடி 69 தான். மாற்றம் நினைவகத்தில் மட்டுமே இருந்தது. அது நிலைக்க வேண்டுமாயின், நிறுத்துமுன் 'பராம் டம்ப்' கட்டளையால் ஒரு கோப்பில் எழுதி, அடுத்த தடவை அக்கோப்புடன் தொடக்க வேண்டும்.

இனிச் சொல்வதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். கணு தரும் விடையும் சிலவேளை போதாது. செய்நிரலை எழுதியவர் தொடக்கத்திலேயே பரமானத்தை ஒரு மாறியில் பிரதிசெய்துவிட்டு அம்மாறியையே பயன்படுத்தியிருந்தால், பின்னர் நீங்கள் பரமானத்தை மாற்றினாலும் ஓட்டம் மாறாது. கேட்டால் புதிய பெறுமானம் வரும். சில்லு பழைய வேகத்திலேயே சுழலும். ஆகவே ஒரே பெறுமானம் கோப்பிலும், கணுவின் பரமானத்திலும், செய்நிரலின் மாறியிலும் வெவ்வேறாக இருக்கலாம். மூன்றாவதை அறியச் செய்நிரலை வாசிக்க வேண்டும், அல்லது ரோபோவைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்து அதன் வேகத்தை அளந்து பார்க்க வேண்டும்.

பயிற்சி வினா: ரொஸ் 2 கணு ஒன்றின் கோப்பில் நிறுத்தும் தூரம் 0.3 மீற்றர். கணுவிடம் கேட்டபோது 0.6 என விடை வந்தது. ரோபோ சுவரிலிருந்து 0.3 மீற்றர் தூரத்தில் நின்றது.
(அ) கணு தொடங்கிய பின் நடந்திருக்கக்கூடியதை விளக்குக.
(ஆ) கணுவை அதே கோப்புடன் மீளத் தொடக்கினால், கணு தரும் விடை யாது? காரணம் தருக.