சில்வண்டின் சிறகு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு மலையேறுவோர் ஏலத்தோட்ட நிழலில் சில்வண்டுகளின் இரைச்சலைக் கேட்டிருப்பர். அப்பூச்சியின் சிறகு மருத்துவத்திற்கு ஒரு வழி காட்டியுள்ளது.

உடலினுள் பொருத்தும் வடிகுழாய், செயற்கை மூட்டு ஆகியவற்றில் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு, பசைபோன்ற படலத்தைத் தம்மைச் சுற்றி அமைத்துக்கொள்கின்றன. அதனுள் வாழும் அவற்றை மருந்துகள் எளிதில் அழிப்பதில்லை. எனவே, கருவியின் மேற்பரப்பையே காவலாக்க அறிஞர் முயன்றனர். வெள்ளி பூசுதல் ஒரு முறை. 2012ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மற்றொன்றைக் கண்டனர். ஒருவகைச் சில்வண்டின் சிறகில் தலைமுடியைவிடப் பலநூறு மடங்கு மெல்லிய தூண்கள் நிறைந்துள்ளன. அவற்றின்மீது படியும் சூடோமோனாஸ் பாக்டீரியாவின் உறை கிழிகிறது. நஞ்சின்றி வடிவமே அதனைக் கொல்கிறது. தடித்த உறையுடைய சில பாக்டீரியாக்களோ தப்பிவிடுகின்றன. அவற்றையும் வெல்லும் வடிவத்தை டைட்டானியத்தில் செதுக்குவதே இன்றைய ஆய்வாளர் முன்னுள்ள பணி.