துணியில் பட்ட கறையும் நாற்பது வயதின் முதுகுவலியும்
பரம்பரை நோய் ஒன்று வயதோடு வளரும் விதம்: குடும்பங்களுக்கான பாடம்



புளத்கொகுபிட்டியப் பகுதியில் நாற்பது வயதைக் கடந்த ஒருவர் முதுகுவலி என்று சொன்னால், யாரும் வியப்படைவதில்லை. கொழுந்துக் கூடை சுமந்த முதுகு, மலையேறி இறப்பர் பால் சேகரித்த கால், மண்சரிவுக்குப் பின் வேறு இடத்தில் மீண்டும் வீடு கட்டக் கல் சுமந்த தோள் வலிக்கத்தானே செய்யும் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் மிகச் சிலருக்கு அந்த வலியின் வேர் வேலையில் இல்லை. அவர்கள் பிறந்த முதல் வாரத்தில் தாய் துவைத்த துணியிலேயே அதன் அடையாளம் தெரிந்திருக்கும். அத்தகைய அபூர்வ நோய் ஒன்றைப் பற்றி இந்தப் பாடத்தில் படிப்போம். அதன் பெயர் அல்கப்டனூரியா.

அபூர்வ நோயை நாம் ஏன் படிக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். உலகில் இரண்டரை இலட்சம் முதல் பத்து இலட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே இந்நோய் காணப்படுகிறது. ஆயினும் சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் சிறிய சமூகங்களில் இந்தக் கணக்கு மாறிவிடும். அது தமிழ்நாட்டிலேயே கண்டறியப்பட்டிருக்கிறது.

உடலுக்குள் நடப்பது என்ன?

நாம் உண்ணும் பருப்பு, மீன், முட்டை, பால் முதலியவற்றில் புரதம் உண்டு. அப்புரதத்தின் ஒரு பகுதியான தைரோசின் என்ற பொருளை உடல் படிப்படியாக உடைத்துப் பயன்படுத்துகிறது. தேயிலைத் தொழிற்சாலையை எண்ணிப் பாருங்கள். கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றில் நிறம் மாற விட்டு, அனலில் உலர்த்துகிறார்கள். நடுவில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டால், அதற்கு முந்திய இடத்தில் கொழுந்து குவிந்துவிடும் அல்லவா? உடலிலும் ஒவ்வொரு படிக்கும் ஓர் இயந்திரம் உண்டு. அதை நொதியம் என்கிறோம். அல்கப்டனூரியா உள்ளவர்களின் ஈரலில் அவற்றுள் ஒன்று வேலை செய்வதில்லை. அதனால் ஹோமோஜென்டிசிக் அமிலம் என்ற பொருள் குவிகிறது.

குவிந்ததில் பெரும்பங்கைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அப்படி வெளியேறிய சிறுநீர் முதலில் சாதாரண நிறமாகவே இருக்கும். காற்றுப்படச் சில மணி நேரம் நின்றால் பழுப்பாகி, பின் கறுக்கும். உருட்டிய பச்சைக் கொழுந்து காற்றுப்பட்டுச் செம்பு நிறமாவதை நாம் நாள்தோறும் பார்ப்பவர்கள். இதையும் ஏறக்குறைய அப்படியே விளங்கிக்கொள்ளலாம். சவர்க்காரம் பட்டால் கறை இன்னும் கூடும். ஆகவே பிள்ளையின் துணியைத் துவைக்கும் தாய்க்கே இந்நோய் முதலில் தெரியும். துவைக்கத் துவைக்கக் கறை கூடுகிறதே என்று அவள் திகைப்பாள்.

வெளியேறாமல் எஞ்சும் சிறு பங்குதான் பின்னாளில் துன்பம் தருகிறது. அது குருத்தெலும்பிலும் தசைநாணிலும் ஆண்டாண்டாகப் படிந்து அவற்றைக் கறுப்பாக்குகிறது. நல்ல இறப்பர் வளையும், இழுபடும். வெயிலில் கிடந்து பழசான இறப்பர் வெடித்து உதிரும். படிவு ஏறிய குருத்தெலும்பின் நிலையும் அதுவே.

வயதோடு நோய் நடக்கும் பாதை

குழந்தைப் பருவம்: கறையைத் தவிர வேறு குறை இல்லை. பிள்ளை நன்றாக வளரும், ஓடும், படிக்கும். அறிவு வளர்ச்சியில் எந்தக் குறைவும் இராது. அதனாலேயே கறையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இருபது, முப்பது வயது: கண்ணின் வெள்ளைப் பகுதியில் பழுப்புப் புள்ளி தோன்றலாம். காதுமடல் நீலம் பாய்ந்து தடிக்கலாம். வியர்வை பட்ட உடுப்பில் கறை காணலாம். முப்பதை ஒட்டி இடுப்பிலும் கீழ் முதுகிலும் வலியும் விறைப்பும் தொடங்குகின்றன.

நாற்பது, ஐம்பது வயது: முள்ளந்தண்டின் எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் தேய்ந்து சுண்ணாம்பு ஏறுகின்றன. முதுகு வளையாது, உயரமும் குறையலாம். பிறகு முழங்கால், இடுப்பு மூட்டு, தோள் என்று வலி பரவும். குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் சிறு அசைவிலும் அறுந்துபோகலாம்.

அதற்கு மேல்: இருதயத்தின் வால்வுகள் தடித்து இறுகலாம். சிறுநீரகத்தில் கற்கள் உண்டாகலாம். 58 நோயாளரைப் பரிசோதித்து அமெரிக்க மருத்துவர்கள் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை சராசரியாக 55 வயதிலும், வால்வுப் பாதிப்பு 54 வயதிலும், சிறுநீரகக் கல் 64 வயதிலும் வருவதாகக் கணக்கிட்டனர்.

இந்நோய் பொதுவாக ஆயுளைப் பெரிதாகக் குறைப்பதில்லை. ஆனால் உழைத்துச் சாப்பிடும் குடும்பத்தில், உழைக்கும் வயதிலேயே முதுகு விறைத்துவிட்டால் என்ன ஆகும்? "வேலைக்குக் கள்ளம், சோம்பேறி" என்ற பெயர் வந்துவிடும். பட்ட வலியோடு பழிச்சொல்லும் சேர்ந்துகொள்ளும். ஆகவே வலியால் நின்றுவிட்டவரை ஏசுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுவோம்.

மருத்துவம் அறிந்துகொண்ட கதை

இலண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கரோட் இந்நோயை ஆராய்ந்தார். இந்நோய் உள்ள பிள்ளை ஏற்கெனவே இருந்த ஒரு குடும்பத்தில் இன்னொரு குழந்தை பிறந்தபோது, துணியைக் கவனிக்கும்படி தாதியரிடம் சொல்லிவைத்தார். மூன்றாம் நாளே கறை தெரிந்தது. நோய் பிறப்போடு வருவது என அவர் உறுதிகொண்டார். நோயுற்றோரின் பெற்றோர் பலர் ஒன்றுவிட்ட சகோதர உறவினராக இருந்ததையும் கண்டு, 1902ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டார். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நோய் இறங்கும் முறையை மருத்துவ உலகுக்கு முதலில் விளக்கிய ஆய்வுகளில் அது ஒன்று. ஈரலில் அந்த நொதியம் இல்லை என்பது 1958இல் நிறுவப்பட்டது. காரணமான பரம்பரை அலகை 1996இல் ஸ்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர்.

இனி தமிழ்நாட்டுச் செய்திக்கு வருவோம். ஊர் ஊராகச் சென்று பாசிமணி விற்று வாழ்ந்த நரிக்குறவர் மக்களை அறிவீர்கள். அவர்களுள் ஒரு பகுதியில் குடியமர்ந்த 41 பேரைப் பரிசோதித்ததில் 16 பேருக்கு அல்கப்டனூரியா இருந்தது. இந்த ஆய்வு 2014ஆம் ஆண்டு வெளிவந்தது. பதினாறு பேரில் 11 பேர், ஒரே பரம்பரை அலகு மாற்றத்தைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்றிருந்தனர். முன்னோர் ஒருவரிடம் இருந்த மாற்றம், நெருங்கிய உறவுத் திருமணங்களால் அச்சிறு சமூகத்துக்குள்ளேயே சுற்றி வந்திருக்கிறது என ஆய்வாளர் கருதினர். பரிசோதித்தவர் தொகை சிறிது. ஆகவே நரிக்குறவர் எல்லோரிடமும் இதே அளவு என்று கணக்கிடக் கூடாது. அவர்களை இழிவாகப் பேசவும் இதில் இடமில்லை. ஐரோப்பாவில் சுலோவாக்கியாவிலும் இந்நோய் சுமார் 19,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் காணப்படுகிறது. எந்த இனமாயினும், வெளியார் கலவாத சிறு வட்டத்துக்குள் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தால் நடப்பது ஒன்றே.

நம் திருமணங்களும் இந்நோயும்

ஒவ்வொரு பரம்பரை அலகும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது. ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. ஒரே புத்தகத்தின் இரு பிரதிகள் வீட்டில் இருந்தால், ஒன்றில் ஒரு பக்கம் கிழிந்தாலும் மற்றதில் வாசிக்கலாம். அப்படிப்பட்டவருக்கு நோய் இல்லை. தம்மிடம் குறை இருப்பதே தெரியாது. கணவன், மனைவி இருவரிடமும் அதே பக்கம் கிழிந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதற்பிள்ளைக்கு வந்தால் அடுத்த மூவர் தப்புவர் என்பதல்ல. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான்.

உறவினர்களிடம் ஒரே பக்கம் கிழிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். மாமன் மகளும் அத்தை மகனும் தம் பரம்பரை அலகுகளில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் அது நான்கில் ஒரு பங்கு. சொந்தத்தில் மணந்த பெரும்பாலானோரின் பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். ஏற்கெனவே மணந்தவர்கள் அஞ்சத் தேவையில்லை. ஆனால் குடும்பத்தில் இத்தகைய நோய் ஒன்று இருப்பது தெரிந்த பின்பும் மீண்டும் மீண்டும் அதே வட்டத்துக்குள் மணம் பேசுவது நல்லதல்ல.

இடம்பெயர்ந்த நமக்கு இங்கே இரண்டு சிக்கல்கள் உண்டு. புதிய இடத்தில் அறிந்த முகங்கள் குறைவு. ஆகவே தெரிந்த சில குடும்பங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்க மனம் நாடுகிறது. மற்றது, குடும்ப நினைவு சிதறிவிடுகிறது. 1977, 1983 வன்செயல்களின்போது பல குடும்பங்கள் தோட்டங்களை விட்டு வன்னிக்குச் சென்றன. 2016 மே மாத மண்சரிவு இப்பகுதியிலேயே குடும்பங்களை வீடிழக்கச் செய்தது. அண்ணன் வவுனியாவில், தங்கை இங்கே, பெரியப்பா தமிழ்நாட்டில் என்று பிரிந்து வாழும்போது, மூவரின் முதுகும் ஒரே வயதில் விறைத்ததை யார் சேர்த்துப் பார்ப்பார்?

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கறையைக் கவனியுங்கள். பிள்ளையின் சிறுநீர் பட்ட துணி நேரம் செல்லச் செல்லக் கறுத்தால், மறைக்காமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். கழித்தெறியும் நப்பி பாவிப்போர் இதைக் காணாமல் விடலாம். கறைக்குக் காரணம் தாயின் அசுத்தம் அல்ல, யாரும் செய்த செய்வினையும் அல்ல. வீட்டில் போத்தலில் வைத்துப் பார்ப்பதால் மட்டும் நோயை முடிவுசெய்ய முடியாது. ஆய்வுகூடச் சோதனை வேண்டும். பழைய முறைச் சோதனைகளில் இந்தச் சிறுநீர் சீனி இருப்பதைப் போலவும் காட்டக்கூடும். ஆகவே நிறம் மாறுவதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, அவசர நோயோடு இதைக் குழப்பாதீர்கள். சிறுநீர் கழிக்கும்போதே கடும் மஞ்சளாகவோ, சிவப்பாகவோ, தேநீர் நிறமாகவோ இருந்தால், அதோடு காய்ச்சலும் உடல்வலியும் இருந்தால், அது எலிக்காய்ச்சலாகவோ செங்கமாரியாகவோ இருக்கலாம். எலிக்காய்ச்சல் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் அதிகம், உயிரையும் எடுக்கும். அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

மூன்றாவது, நோய் உறுதியானால் மூட்டைக் காப்பாற்றுங்கள். பாரம் தூக்கும் வேலை, குதிக்கும் விளையாட்டு ஆகியவற்றைக் குறைத்து, தசைக்கு வலுத்தரும் மென்மையான பயிற்சி செய்வது நல்லது. நோயுள்ள பிள்ளையைப் படிக்க வைப்பதும், முதுகை நம்பாத கைத்தொழில் ஒன்றைப் பழக்குவதும் பெற்றோர் தரும் பெரிய மருந்து. நாற்பதைக் கடந்தவர்கள் இருதயத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் சொல்லாமல் பிள்ளைக்குப் பருப்பையும் முட்டையையும் நிறுத்தாதீர்கள். வளரும் உடலுக்குப் புரதம் தேவை.

நான்காவது, மருந்து உண்டு என்பதை அறிந்திருங்கள். நிட்டிசினோன் என்ற மருந்து முதலில் களைநாசினி ஆராய்ச்சியில் பிறந்தது என்றால் விவசாயிகளாகிய உங்களுக்கு வியப்பாக இருக்கும். அது முந்திய ஒரு படியைத் தடுத்து, கறுக்கும் அமிலம் உண்டாகாமல் செய்கிறது. லிவர்ப்பூல் மருத்துவர் லட்சுமிநாராயண் ரங்கநாத் தலைமையில், மூன்று நாடுகளில் 138 நோயாளரிடம் நான்கு ஆண்டுகள் ஆய்வு நடந்தது. மருந்து பெற்றோரின் சிறுநீரில் அந்த அமிலம் 99 வீதத்துக்கும் மேல் குறைந்தது. நோயின் போக்கும் தணிந்தது. 2020இல் ஐரோப்பாவில் வளர்ந்தோருக்கு இது அனுமதிக்கப்பட்டது. ஆனால் இம்மருந்து தைரோசினைக் கூட்டிக் கண்ணைப் பாதிக்கலாம். ஆகவே உணவுக் கட்டுப்பாட்டோடும் மருத்துவக் கண்காணிப்போடும் மட்டுமே எடுக்க வேண்டும். எல்லா இடத்திலும் எளிதில் கிடைப்பதுமில்லை. ஏற்கெனவே தேய்ந்த மூட்டை அது புதிதாக்காது. ஆகையால்தான் நோயை நேரத்தோடு அறிவது இவ்வளவு முக்கியமாகிறது.

ஐந்தாவது, குடும்ப நலக் கொப்பி ஒன்று தொடங்குங்கள். பாட்டன், பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது, யார் யாரை மணந்தார் என்று எழுதிவையுங்கள். கிளினிக் கொப்பிகளையும் அதோடு ஒரு பொலித்தீன் உறையில் இட்டு, அடையாள அட்டையோடு வையுங்கள். மழை இரவில் வீட்டைவிட்டு ஓட நேர்ந்தாலும் கையோடு வரட்டும். திருமணம் பேசும்போது சாதகத்தை விரிப்பதற்கு முன் இந்தக் கொப்பியைத் திறந்து பாருங்கள்.

குழுவில் கலந்துரையாட

1. நம் குடும்பங்களில் ஒரே வயதில் ஒரே விதமான வலி பலருக்கு வந்திருக்கிறதா? அதை இதுவரை எப்படி விளக்கினோம்?

2. வலியால் வேலைக்குப் போக முடியாதவரை நம் லயனில் எப்படி நடத்துகிறோம்?

3. பிள்ளைக்கு நோய் என்றால் தாயைக் குறை சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டா? அதை மாற்ற யார் முதலில் பேச வேண்டும்?

4. அடுத்த கூட்டத்துக்குள் எத்தனை குடும்பங்கள் நலக் கொப்பியை எழுதி முடிக்க முடியும்?