நூல்கண்டுக்கும் ஆயுள் உண்டு

மார்கழி மாதம் ஓர் அம்மாள் என்னிடம் வந்தார். வயது 58. "டாக்டர், காலையில எழுந்தா வரிசையா இருபது தும்மல். மூக்கு ஒழுகல், கண் அரிப்பு. மத்தியானம் ஆனா தானா சரியாப் போயிடுது" என்றார். பீனிசம்தான். மருந்து கொடுத்தேன். பத்து நாள் நன்றாக இருந்தார். பிறகு மறுபடியும் அதே தும்மல்.

"எந்த ரூம்ல படுக்கிறீங்கம்மா?" என்று கேட்டேன். மகள் கல்யாணமாகிப் போனபின் காலியான அறையாம். கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் என்ன வைத்திருக்கிறீர்கள் என்றதும் சிரித்துவிட்டார். உல்லன் நூல் மூன்று பை, பாதி பின்னிய ஒயர் கூடை இரண்டு, வளையத்தில் மாட்டியபடியே இருக்கும் எம்பிராய்டரி தலையணை உறை, ஜமிக்கி, பாசிமணி, காய்ந்துபோன பெயின்ட் டப்பாக்கள்... "ரிடையர் ஆனதும் முடிக்கலாம்னு வெச்சேன். ரிடையர் ஆகியும் கை போகலை, டாக்டர்."

இப்படி ஒரு பெட்டி உங்கள் வீட்டிலும் இருக்கும்.

தும்மலுக்கும் நூலுக்கும் என்ன சம்பந்தம்?

துணி, உல்லன், பஞ்சு இவற்றில் படியும் தூசில் தூசு உண்ணிகள் வளர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் இவை. நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் இவற்றுக்குச் சாப்பாடு. ஈரக் காற்று இருந்தால் கொண்டாட்டம். இவற்றின் எச்சம் தூசோடு பறந்து மூக்கில் ஏறும்போது, ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தும்மல், மூக்கடைப்பு, சிலருக்கு இளைப்பும் வரும். துடைப்பத்தில் எழும் தூசு மேலே படும்படி நெருங்கக் கூடாது என்று தேரையர் பிணியணுகா விதியில் அன்றே சொல்லிவிட்டார். நாமோ தூசைக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு, அதன் மேல் படுத்துத் தூங்குகிறோம்!

மருந்தின் ஆயுள்

எங்கள் பழைய நூல்களில் ஒவ்வொரு மருந்துக்கும் ஆயுள் சொல்லப்பட்டிருக்கிறது. குடிநீருக்கு ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணத்துக்கு 3 மாதம். லேகியத்துக்கு 6 மாதம். பற்பத்துக்கு 100 வருடம். (கடையில் வாங்கும் மருந்துக்கு டப்பாவில் அச்சிட்ட தேதிதான் கணக்கு.) ஆயுள் முடிந்த சூரணத்தை, எவ்வளவு பாடுபட்டு இடித்துச் சலித்திருந்தாலும் கொட்டித்தான் ஆக வேண்டும். காசு போச்சே என்று நோயாளிக்குக் கொடுக்க முடியுமா?

கைவேலைச் சாமானுக்கும் இதே சூரணக் கணக்கு போதும் என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். மூன்று மாதத்தில் ஒரு தடவையாவது கை அதைத் தொட்டதா? தொட்டது இருக்கட்டும். தொடாததை எடுத்து வெளியே வையுங்கள்.

எப்படிப் பிரிப்பது?

● வெயில் நேரத்தில் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ வைத்துப் பிரியுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். உதறவே கூடாது. இளைப்பு உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்காமல் வீட்டில் வேறொருவரைச் செய்யச் சொல்லுங்கள்.

● வைத்துக்கொள்ளும் பருத்தித் துணிகளை நல்ல வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். படுக்கை அறையில் வேண்டாம்.

● நல்ல நிலையில் இருந்தும் உங்களுக்கு மனசில்லாததைத் தையல் பழகும் பெண்ணுக்கோ பள்ளிக்கூடக் கைவேலை வகுப்புக்கோ கொடுங்கள். பூச்சி அரித்ததைக் கொடுக்காதீர்கள்.

● துருப்பிடித்த ஊசிகளைத் தகர டப்பாவில் அடைத்துப் போடுங்கள்.

● போகிக்குக் கொளுத்தலாமே என்று நினைக்காதீர்கள். பிளாஸ்டிக் ஒயரும் செயற்கை நூலும் எரிந்தால் வருவது நச்சுப்புகை.

அந்துருண்டை ஜாக்கிரதை

எல்லாவற்றையும் பிரித்த அந்த அம்மாள், ஒரே ஒரு பொருளோடு மறுபடி வந்தார். கைக்குழந்தை ஸ்வெட்டர். முதுகும் ஒரு கையும் மட்டும் பின்னியிருந்தது. "என் பொண்ணு வயித்துல இருந்தப்போ எங்கம்மாவும் நானும் சேர்ந்து ஆரம்பிச்சது. அந்த மாசமே அம்மா தவறிப்போயிட்டாங்க. அதோட நின்னுபோச்சு. இப்ப பொண்ணுக்கு ஏழு மாசம். பேரக் குழந்தைக்கு முடிச்சுப் போடலாமா டாக்டர்?"

பையைத் திறந்ததும் அந்துருண்டை நெடி. வருடக்கணக்காக அதோடேயே இருந்திருக்கிறது.

வேண்டாம் என்றேன். காரணம் இதுதான். ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகள் உண்டு. பார்த்தால் தெரியாது. நாப்தலீன் அந்துருண்டையோடு கிடந்த துணியை அவர்களுக்குப் போட்டால், அதன் ஆவி உள்ளே போய் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். மஞ்சள் காமாலை கடுமையாகும். அப்படி வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழந்தைத் துணி உள்ள அலமாரியில் அந்துருண்டையே கூடாது. நன்றாகக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வையுங்கள், போதும்.

அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப இதைத் தூக்கிப் போடணுமா?" என்றார். "உங்கம்மா பின்னினது எதுன்னு தெரியுமா?" என்று கேட்டேன். விரலால் தடவிக் காட்டினார். உள்ளங்கை அகலம் இருக்கும். "அதை மட்டும் அலசி, காயவெச்சு, தனி டப்பாவுல வெச்சுக்குங்கம்மா. மத்ததுக்கு விடை கொடுங்க. குழந்தைக்குப் புதுப் பருத்தி நூல் வாங்கி ஆரம்பிங்க."

இப்போது தும்மல் அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். இருபது தும்மல் மூன்று, நான்கு ஆகியிருக்கிறது. போன வாரம் வந்தபோது கைப்பையில் வெள்ளைப் பருத்தி நூல் இருந்தது. ஒரு கை முடிந்துவிட்டதாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பரண் முழுவதையும் இறக்க வேண்டாம். ஒரே ஒரு பெட்டியை மட்டும் இறக்குங்கள்.