பட்டினிக்கும் ஓர் எல்லை உண்டு

சிங்கப்பூரின் பெரிய வடிகால்களிலும் மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களிலும் மலைப்பாம்புகள் அவ்வப்போது கண்ணில் படுவதுண்டு. எலியோ கோழியோ, கிடைத்த இரையை முழுதாக விழுங்கிவிட்டு, வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில்கூட, மலைப்பாம்பு அடுத்த இரையின்றிக் கிடக்கும். இரை செரித்து முடிந்ததும் அதன் குடல் சுருங்கிவிடுகிறது. பயன்படாத உறுப்பைப் பேணுவதும் உடலுக்குச் செலவுதானே! மீண்டும் இரை கிடைத்ததும் ஓரிரு நாள்களில் குடல் பெரிதாகிறது. பர்மிய மலைப்பாம்பின் இதயம்கூட இரண்டே நாள்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு பெருப்பதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள்.

ஆனால், மலைப்பாம்புக்கு ஒரு வசதி உண்டு. குளிர் இரத்தப் பிராணியான அது, உடலைச் சூடாக வைத்திருப்பதற்காக உணவை எரிக்க வேண்டியதில்லை. பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் அந்த வசதி கிடையாது. உணவு இல்லாத நாளிலும் அவற்றின் உடலுக்குள் அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அதுவும் அண்டார்டிகாவின் குளிர்காலத்தில் என்றால்?

அங்கு வாழும் பேரரசப் பெங்குவின்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடலை விட்டு, உறைபனியின்மேல் நடந்து, இனப்பெருக்கம் செய்யும் இடத்தை அடைகின்றன. பெண் பெங்குவின் ஒரே ஒரு முட்டையை இட்டு, அதை ஆணின் பாதங்கள்மேல் சேர்த்துவிட்டு, இரை தேடிக் கடலுக்குத் திரும்புகிறது. ஆண் பெங்குவின் முட்டையை வயிற்றடித் தோல்மடிப்பால் மூடி, இரண்டு மாதத்துக்கும் மேலாக அடைகாக்கிறது. அது கடலை விட்டு வந்த நாளிலிருந்து கணக்கிட்டால், ஏறக்குறைய நான்கு மாதங்களுக்கு ஒரு மீன்கூட அதன் வாய்க்குள் போவதில்லை. தாகத்துக்கு வெண்பனியைக் கொத்தித் தின்னும், அவ்வளவுதான்.

வெளியே குளிர் சுழியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியஸ் வரையிலும் இறங்கக்கூடும். ஆண் பெங்குவின்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றோடொன்று நெருங்கி நின்று வெப்பத்தைக் காத்துக்கொள்கின்றன. பெரும்பாலான நேரம் உறங்குகின்றன. இப்படிச் செலவைக் குறைத்தாலும், மீதிச் செலவுக்குச் சேமிப்பிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

எதிலிருந்து எடுப்பது என்பதில்தான் உடலின் நுட்பம் இருக்கிறது. பிரெஞ்சு அறிவியலாளர் ஈவோன் லெ மாஹோ 1970களில் இப்பறவைகளின் பட்டினியை ஆராயத் தொடங்கினார். அவரும் பிறரும் மேற்கொண்ட ஆய்வுகளால், நீண்ட பட்டினி மூன்று கட்டங்களாக நிகழ்வது தெரியவந்தது. முதற்கட்டம் சில நாள்களே நீடிக்கும். அப்போது கல்லீரலில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் தீர்கிறது. உடல் கொழுப்பை எரிக்கப் பழகிக்கொள்கிறது. இரண்டாம் கட்டமே மிக நீண்டது. தேவைப்படும் ஆற்றலில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கொழுப்பிலிருந்தே கிடைக்கிறது. புரதத்தை உடல் கூடியவரை தொடுவதில்லை. கொழுப்புக்குக் கிடங்கு உண்டு. புரதத்துக்குத் தனிக் கிடங்கு இல்லை. தசையும் இதயமும் புரதத்தால் ஆனவை. அதை எரிப்பது, விறகு இல்லையென்று வீட்டுத் தூணையே வெட்டி அடுப்பில் வைப்பதற்கு ஒப்பாகும்.

ஏறத்தாழ 40 கிலோகிராம் எடையுடன் வந்த பறவை 23 கிலோகிராம் அளவுக்கு மெலியும்போது மூன்றாம் கட்டம் தொடங்குகிறது. கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கே எஞ்சியிருக்கும். இனி உடல் தன் தசையை எரிக்கத் தொடங்கும். அந்நேரம் இரத்தத்தில் கார்ட்டிகோஸ்டிரோன் என்னும் சுரப்புநீர் மிகுகிறது. அதுவரை அசையாமல் நின்ற பறவை நிலைகொள்ளாமல் தவிக்கிறது. பெண் இன்னும் வராவிட்டால், முட்டையைக் கைவிட்டுக் கடலை நோக்கி நடக்கிறது.

இதைக் கல்நெஞ்சம் என்று சொல்வது பொருந்தாது. கடலின் விளிம்பு பல பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கக்கூடும். கடைசித் துளிக் கொழுப்பும் தீரும்வரை காத்திருந்தால், அவ்வளவு தூரம் நடக்க அதற்கு வலு இராது. தந்தை பனியில் விழுந்து இறந்தால் முட்டையும் பிழைக்காது. தந்தை உயிரோடு கடலை அடைந்தாலோ, அடுத்த ஆண்டு மீண்டும் ஒரு முட்டையைக் காக்கலாம். ஆகவே, உடல் முற்றிலும் வெறுமையாகும் முன்பே, திரும்பிச் செல்லும் வழிக்குரிய பங்கை ஒதுக்கி வைத்துக்கொண்டு எச்சரிக்கை தருகிறது.

பெரும்பாலான தந்தைகளுக்கு அந்த நிலை வருவதில்லை. தாய் வருமுன் குஞ்சு பொரித்துவிட்டால், நான்கு மாதப் பட்டினியில் இருக்கும் அதே தந்தை, தன் உணவுக்குழாயில் சுரக்கும் பால் போன்ற நீர்மத்தைக் குஞ்சுக்கு ஊட்டுகிறது. சில நாள்களுக்கு அது போதும். பின்னர் ஒரு நாள், வயிறு நிறைய இரையுடன் தாய் வந்து குரல் கொடுக்கிறது. குரலைக்கொண்டே இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. பாதங்கள்மேல் இருக்கும் குஞ்சைத் தந்தை உடனே விட்டுவிடுவதில்லை. சற்றுத் தயங்கித்தான் கொடுக்கிறது. அதன் பிறகே அது கடலுக்குப் புறப்படுகிறது. அதன் முதல் இரை, அந்த நெடிய பனிவெளிக்கு அப்பால் இருக்கிறது.