தலையசைவு மவுஸ் நழுவாமல் நிற்க

என் தம்பிக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. நெற்றியில் ஒளியைத் திருப்பும் பொட்டு ஒட்டி, கேமரா அதைப் பின்தொடர, தலையை அசைத்துக் கம்ப்யூட்டரை இயக்குகிறான். புது மானிட்டர் மெல்லியதாக இருப்பதால் மேலே வைக்கும் கேமரா சரிகிறது. என்ன செய்யலாம்? – வாசகி, செந்துறை, அரியலூர் மாவட்டம்

கவலை வேண்டாம் சகோதரி, சரிசெய்துவிடலாம். அந்தக் கேமராவின் அடிப்பாகம் பழைய குண்டு மானிட்டருக்கென அமைந்தது. செல்லோடேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள். கேமரா துளி ஆடினாலும் திரையில் அம்புக்குறி தாவும், தம்பியின் கழுத்துதான் நோகும்.

மானிட்டரின் முதுகில் சதுரமாக நான்கு துளைகள் இருக்கிறதா பாருங்கள். இடைவெளி 75 அல்லது 100 மில்லிமீட்டர் இருக்கும். அந்த அளவில் துளையிட்ட தகட்டை மேலே ஏற்றி, கேமரா உட்கார முன்பக்கம் மடக்கித் தரும்படி அரியலூரிலோ பெரம்பலூரிலோ ஒரு வெல்டிங் பட்டறையில் கேளுங்கள். திருகு நீளமாகிவிடக் கூடாது, உள்ளே பேனலைக் குத்திவிடும். துளையே இல்லையென்றால், மானிட்டருக்குப் பின்னால் ஒரு டிரைபாடில் கேமராவை நிறுத்துங்கள்.

கேமரா திரையின் மேல்விளிம்புக்கு நடுவில், தம்பியின் முகத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். வெயில் நேராக அதன் கண்ணில் விழாமல் ஜன்னலை மறையுங்கள். பொட்டு தீர்ந்தால், லாரிகளின் முன்னால் ஒட்டும் வெள்ளை ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரில் சிறு வட்டம் வெட்டி, கண்ணாடி ஃபிரேமில் ஒட்டிப் பாருங்கள்.

கருவியே பழுதானால், பாஸ்டன் கல்லூரியில் உருவான 'கேமரா மவுஸ்' மென்பொருள் இலவசம். சாதாரண வெப்கேமே போதும், பொட்டும் தேவையில்லை.

எல்லாம் பொருத்தியதும், அடுத்த கடிதத்தைத் தம்பியே தட்டச்சு செய்து அனுப்பட்டும்.