ஈதரியத்தில் வாங்கிய பத்திரம் சொலானாவுக்குப் போவது எப்படி?

கேள்வி: அரசுக் கடன் பத்திரங்களை டோக்கனாக்கி பிளாக்செயினில் விற்கிறார்கள். அந்த டோக்கனை ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் உண்மையான பத்திரம் எங்கே போகிறது? ஒரே பத்திரத்துக்கு இரண்டு டோக்கன் உருவாகிவிடாதா?

பதில்: பத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கும். நகர்வது, அது யாருடையது என்ற பதிவு மட்டுமே. என்.எஸ்.டி.எல். டிமேட் கணக்கில் உள்ள பங்கை சி.டி.எஸ்.எல். கணக்குக்கு மாற்றும்போது கம்பெனியில் எதுவும் அசைவதில்லை அல்லவா, அதுபோலத்தான்.

பிளாக்ராக் நிறுவனம் 2024 மார்ச்சில் ஈதரியம் என்ற பிளாக்செயினில் பி.யூ.ஐ.டி.எல். என்ற நிதியைத் தொடங்கியது. அதன் பணம் ரொக்கமாகவும், அமெரிக்கக் கருவூலப் பத்திரங்களிலும், ரெப்போ ஒப்பந்தங்களிலும் இருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் அப்டாஸ், ஆர்பிட்ரம், அவலாஞ்ச், ஆப்டிமிசம், பாலிகான் ஆகிய பிளாக்செயின்களிலும், 2025 மார்ச்சில் சொலானாவிலும் டோக்கன்கள் வந்தன. இத்தனை இடங்களில் டோக்கன் இருந்தாலும் நிதி ஒன்றுதான்.

இரட்டிப்பு பற்றிய பயம் நியாயமானது. மாற்றும் வழியைப் பொறுத்து ஆபத்தும் மாறுகிறது. ஒரு வழியில், மூல டோக்கனை ஒரு பிளாக்செயினில் பூட்டிவைத்து, அதற்கு ஈடான நகல் டோக்கனை மற்றொன்றில் வெளியிடுவார்கள். பூட்டியது உண்மைதானா என்று சரிபார்த்து நகலை வெளியிடும் அமைப்புக்குப் 'பாலம்' என்று பெயர். 2022 பிப்ரவரியில் வார்ம்ஹோல் பாலத்தில் அந்தச் சரிபார்ப்பே ஏமாற்றப்பட்டது. எதையும் பூட்டாமலேயே ஈதரியத்தின் நாணயமான ஈதரின் 1,20,000 நகல்கள் சொலானாவில் உருவானது. அன்றைய மதிப்பு 30 கோடி டாலருக்கும் மேல். ஜம்ப் கிரிப்டோ நிறுவனம் தன் கையிலிருந்து போட்டு அந்தப் பள்ளத்தை நிரப்பியது. அடுத்த மாதமே ரோனின் பாலத்தில் பணம் எடுக்க ஒப்புதல் தரும் 9 சாவிகளில் 5 திருடர்கள் கையில் சிக்கி, 60 கோடி டாலருக்கு மேல் போனது. ஆறு நாள் கழித்துத்தான் அது வெளியே தெரிந்தது!

இன்னொரு வழி மேலானது. ஒரு பிளாக்செயினில் டோக்கனை அழித்துவிட்டு, அதே எண்ணிக்கையை மற்றொன்றில் வெளியீட்டாளரின் சொந்த டோக்கனாகவே புதிதாக உருவாக்குவது. யூ.எஸ்.டி.சி. டாலர் டோக்கனுக்கு சர்க்கிள் நிறுவனம் 2023இல் இந்த முறையைக் கொண்டுவந்தது. இதில் நகல் கிடையாது, பூட்டிவைத்த குவியலும் கிடையாது. ஆனாலும், அழித்த செய்தியை மறுபக்கத்துக்கு உறுதிசெய்து சொல்ல ஒருவர் வேண்டும். அவரை நம்பித்தான் ஆகவேண்டும்.

பத்திர டோக்கன்களுக்கு ஒரு கூடுதல் காப்பு உண்டு. பி.யூ.ஐ.டி.எல். டோக்கனை, அடையாளம் சரிபார்த்து முன்னனுமதி பெற்ற முகவரிகளுக்கு மட்டுமே அனுப்ப முடியும். உரிமையாளர் பதிவேடு செக்யூரிட்டைஸ் என்ற பதிவு முகமை நிறுவனத்திடம் இருக்கிறது. கிரிப்டோ ஆர்வலர்கள் இதைக் கட்டுப்பாடு என்று குறைசொல்வார்கள். கடன் பத்திரத்துக்கு இந்தக் கட்டுப்பாடு அவசியம் என்பதே சரி.

பி.யூ.ஐ.டி.எல். நிதியில் குறைந்தபட்சத் தொடக்க முதலீடே 50 லட்சம் டாலர் என்பதால் சிறு முதலீட்டாளர் உள்ளே போக முடியாது. ஆனால் பத்திரத்தையோ தங்கத்தையோ அடிப்படையாகக் கொண்ட வேறு டோக்கன்கள் சிறு தொகைக்கும் கிடைக்கின்றன. வாங்கும் முன் டோக்கனின் ஒப்பந்த முகவரியை வெளியீட்டாளரின் தளத்தில் உள்ள முகவரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த பிளாக்செயினுக்கான முகவரி அங்கே இல்லையென்றால், அது வேறு யாரோ வெளியிட்ட நகலாக இருக்கலாம், வாங்காதீர்கள்.