விலகி நிற்றலும் கொல்லாமையே

முட்டையைத் தொடாமை நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் ஒழுக்கம். கோழிப் பண்ணைகளுக்குப் பெயர் பெற்ற பல்லடத்தில் வாழும் நாமும் அதனைக் காத்து வருகின்றோம். ஆயினும், ஒருவரும் தொடாமலே ஒரு முட்டை அழியக் கூடுமோ? கூடும். மனிதர் அருகே சென்று நின்றாலே போதும். இதனை நமக்கு உணர்த்தும் இடமொன்று அரபிக் கடலில் உள்ளது.

இலட்சத்தீவுகளின் தலைநகர் கவரத்தி. அதற்கு வடமேற்கே சுமார் 24 கிலோமீட்டர் தொலைவில், பவளப் பாறைமேல் அமைந்த சிறு மணல் திட்டே பிட்டித் தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 3 ஏக்கர். அங்கு மரமில்லை, குடிநீரில்லை, மக்கள் குடியேற்றமும் இல்லை. முதுகு கரியதாயும் வயிறு வெண்மையாயும் உள்ள ஆலா, உடல் முழுதும் பழுப்பான ஆலா, பெரிய கொண்டை ஆலா ஆகிய கடற்பறவைகள் அங்குக் கூடி இனம் பெருக்குகின்றன.

இவற்றுள் கரிய முதுகுடைய ஆலாவின் வாழ்க்கை வியப்புக்குரியது. சிறகு முளைத்துக் கடலுக்குச் சென்ற குஞ்சு, பல ஆண்டுகள் நிலத்தை மிதிப்பதில்லை; பெரும்பாலும் வானிலேயே வாழ்கின்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்ல இப்பறவை, ஒரு பருவத்தில் இடுவது பொதுவாக ஒரே முட்டை. அதனையும் கூடின்றி வெறுந்தரையிலேயே இடுகின்றது. நண்பகலில் தாயும் தந்தையும் மாறி மாறி முட்டையின்மேல் நின்று நிழல் தருகின்றன. மனிதர் நெருங்கினால் பறவை அஞ்சி எழும். வெயில் முட்டையைச் சுடும். நண்டுகளும் பிற பறவைகளும் கவரும். கொல்லும் எண்ணம் சிறிதுமின்றி வந்தவராலும் ஓருயிர் மாய்கின்றது.

எனவே, இத்தகைய உயிர்களைக் காத்தல் என்பது பெரும்பாலும் அவற்றைத் தனியே விடுதலாகும். பிட்டி 1995-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020-இல் அதனைச் சார்ந்த 62 சதுர கிலோமீட்டர் பரப்பு, இலட்சத்தீவின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பி. எம். சயீத் பெயரால் கடற்பறவைகள் காப்பகமாயிற்று.

இதனால் மனிதர்க்கு ஆவதென்ன என வினவலாம். இலட்சத்தீவுக்குத் தெற்கே, மாலத்தீவுக்கும் அப்பால் சாகோஸ் தீவுகள் உள்ளன. அவற்றுள் சிலவற்றில் கப்பல்கள் வழியே வந்த எலிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று பறவைகளை அருகச் செய்தன. எலியுள்ள தீவுகளையும் எலியில்லாத் தீவுகளையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2018-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. பறவைகள் நிறைந்த தீவுகளில் அவற்றின் எச்சம் மண்ணுக்கு உரமாகிக் கடலிலும் கலக்கின்றது. அத்தீவுகளைச் சூழ்ந்த பவளப் பாறைகளில் மீன்களின் மொத்த எடை 48 விழுக்காடு மிகுந்திருந்தது. ஓருயிர்க்கு இழைக்கும் தீங்கு அதனோடு நில்லாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

கடல் நமக்குத் தொலைவு. பறவைகள் தொலைவில் இல்லை. நம் மாவட்டத்து நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்குச் செல்லும் நம் சிறுவர்க்குக் கரையில் நின்று அமைதியாகக் காணவும், கல்லெறியாதிருக்கவும், கூட்டை நெருங்காதிருக்கவும் கற்பிப்போம். நடக்கும் நிலத்தை நோக்கி அடி வைக்கும் நம் முனிவர்களின் ஈர்யா சமிதியை இல்லறத்தார் பயிலும் எளிய வழி இது.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சுமே எனத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய திருநாளாக அந்நாளைப் போற்றும் நாம், அவர்களினும் குறைந்த அருளுடையோராய் இருத்தல் தகுமோ? வரும் தீபாவளியை விளக்கொளியோடு மட்டும் கொண்டாட ஒவ்வொரு குடும்பமும் இன்றே உறுதி கொள்வோமாக.